எண்ணமும் பழியும்: தன்முனைப்பு எழுத்தின் மீது ஒரு திறனாய்வு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர் பயிற்சிக்காக எழுதித் தந்த கட்டுரையே இத்திறனாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது. வாழ்வில் நேர்ந்த ஒரு திருப்பத்தைப் பற்றி எழுதுமாறு பணித்திருந்தோம். அவருடைய தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். நோய் கண்டறியப்படுவதற்கு முன்பிருந்தே தாயை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் தமக்கு இருந்ததென்றும், அவ்வச்சத்தை அடக்க இயலாமற் போனமையால் நோயைத் தாமே வருவித்ததாகவும், தாயின் இறப்புக்குத் தம் எண்ணமே காரணம் என்றும் அவர் எழுதியிருந்தார். தெளிவான நடை, பிழைகள் மிகச் சில. கட்டுரையின் முடிவில் 666ஆம் குறளைச் சான்றாகக் காட்டியிருந்தார். அக்குறளை நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலுக்குச் சான்றாக இடைநிலைப்பள்ளி மாணவர் முகாம் ஒன்றில் விளக்கியவர் நாமே. அம்முகாமில் அவரும் அமர்ந்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எண்ணமே வாழ்வை ஆக்கும் என்னும் கருத்து இன்று தன்முனைப்பு நூல்கள், முகாம்கள், மேடைப்பேச்சுகள் ஆகியவற்றின் வழியாகத் தமிழ் மாணவரிடையே பரவலாக ஊன்றியுள்ளது. நாம் உளவியலாளர் அல்லோம்; எனவே உளநோய் பற்றி உறுதியுரைக்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும் ஒரு பனுவல் எதனை எடுத்தாள்கிறது, எதனை வெட்டி விடுகிறது என்று காண்பது இலக்கிய மாணவரின் கடமை. அவ்வாறு காணுங்கால் புலப்படும் உண்மை ஒன்றுண்டு. இவ்வகை எழுத்து முன்னோர் கூற்றுகளைத் துண்டித்தே நிற்கிறது. துண்டிக்கப்பட்ட பகுதியில்தான் தோற்றவர்க்கும் துன்புற்றவர்க்கும் உரிய ஆறுதல் பெரும்பாலும் இருக்கிறது.

சொற்கள்

முதற்கண் பெயர்களைக் காண்போம். 'தன்முனைப்பு' என்னும் சொல் மலேசியத் தமிழில் ஊக்கம் ஊட்டுதலைக் குறிக்கும். தமிழகத்தில் அதே சொல் பெரும்பாலும் செருக்கை, 'நான்' என்னும் முனைப்பைக் குறிக்கிறது. ஆன்மிக நூல்கள் அதனை ஒழிக்கச் சொல்கின்றன. நம் பள்ளிகளோ அதனை வளர்க்க முகாம் நடத்துகின்றன! தமிழகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் நம் பள்ளி அறிவிப்புப் பலகை ஒன்றைக் கண்டு திகைத்து நின்றதை நாம் அறிவோம்.

இதனினும் கவனிக்கத்தக்கது 'ஈர்ப்பு விதி' என்னும் மொழிபெயர்ப்பு. ஒத்த எண்ணம் ஒத்த நிகழ்வை ஈர்க்கும் என்னும் கோட்பாட்டை அமெரிக்கரான வில்லியம் வாக்கர் அட்கின்சன் 1906இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே ஒரு விதியாக அறிவித்தார். தமிழ் மாணவர் 'ஈர்ப்பு விதி' என்னும் தொடரை முதலில் சந்திப்பது அறிவியல் பாடத்தில், நியூட்டனின் பெயரோடு. ஆகவே மேடையில் அத்தொடரைக் கேட்கும் பதினாறு வயது மாணவர், மாங்காய் கீழே விழுவதைப் போன்ற ஐயத்துக்கிடமற்ற உண்மை இது எனக் கொள்வதில் வியப்பில்லை. மேலும், 'விதி' தமிழில் ஊழையும் குறிக்கும். ஊழினின்று விடுவிப்பதாகக் கூறி வரும் கோட்பாடு, ஊழின் பெயரையே சூடிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. ஊழாயினும் முற்பிறப்பைக் காரணங் காட்டி இப்பிறப்பின் எண்ணங்களையேனும் விட்டுவைத்தது. இப்புதிய விதியோ நேற்றிரவு எண்ணியதற்கும் கணக்குக் கேட்கிறது.

அட்கின்சனைப் பற்றி இன்னொரு செய்தியும் சுவையானது. அவர் 'யோகி இராமச்சரகர்' என்னும் இந்தியப் புனைபெயரிலும் பல நூல்களை எழுதினார். இக்கோட்பாடு நம் முனிவர்கள் அன்றே அறிந்தது என முழங்கும் பேச்சாளர்கள், அமெரிக்கர் ஒருவர் தாமே சூட்டிக்கொண்ட காவியைக் கண்டு மயங்கியிருக்கவும் கூடும்.

சிறையில் ஒரு மொழிபெயர்ப்பு

தமிழில் இம்மரபின் வரலாறு பலரும் எண்ணுவதினும் பழைமையானது. பெருமை மிக்கதும் ஆகும். ஆங்கிலேய எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கியவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார். 1908இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் அது மேல்முறையீட்டில் குறைக்கப்பட, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். அச்சிறைக் காலத்தின் விளைவாகவே அவருடைய ஆலன் மொழிபெயர்ப்புகள் தொடங்கின. 'மனம் போல வாழ்வு' 1909இலும் 'அகமே புறம்' 1914இலும் வெளிவந்தன. பிற்காலத்தில் தன்முன்னேற்ற நூல்களைத் தனி வகையாகவே நிலைபெறச் செய்த அப்துற் றஹீம், 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தி ஆகியோர்க்கெல்லாம் முன்னோடி இவரே எனலாம்.

செக்கிழுத்த கைகள், மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணத்தின் விளைவே என்னும் நூலைத் தமிழாக்கின. இம்முரணை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஈர்ப்பு விதியை அப்படியே பொருத்திப் பார்ப்போம். அவருடைய சுதேசிக் கப்பல் நிறுவனம் அழிந்தது. விடுதலைக்குப் பின்னர் அவர் வறுமையில் உழன்றார். இவற்றை அவருடைய எண்ணத்தின் குறைபாடே ஈர்த்தது என்று எந்தத் தமிழ் மேடையிலேனும் ஒருவர் சொல்லத் துணிவாரா? வெள்ளையர் ஆட்சியும் போட்டிக் கப்பல் நிறுவனமும் நீதிமன்றமும் செய்ததை அவர் மனத்தின் மீது ஏற்றுவது அறிவீனம் மட்டுமன்று, நன்றிகேடும் ஆகும். வ.உ.சி.யிடம் சொல்லக் கூசுவதை நம் மாணவரிடம் கூசாமற் சொல்கிறோம்.

நம் வாசிப்பில், வ.உ.சி. அந்நூலில் கண்டது உலகை வளைக்கும் மந்திரத்தை அன்று. உடலைப் பூட்டிய சிறையாளன் பூட்ட இயலாத ஓரிடத்தை அவர் கண்டார். தன்னைத் தான் ஆளுதல் என்னும் பொருளில் அகத்தைப் பேணும் நெறியாகவே அவர் அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தார். திருக்குறளில் தோய்ந்த ஒருவர்க்கு அது புதிய நெறியும் அன்று. எனினும் ஆலனிடம் பழியின் வித்து இல்லை என்று கூறிவிட இயலாது. துன்பம் எப்போதும் தவறான எண்ணத்தின் விளைவே என்னும் கருத்து அந்நூலிலேயே உண்டு. பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தம் தந்தை அங்கே கொலையுண்டதாகச் செய்தி வர, பள்ளிப் படிப்பை விட்டு வேலைக்குப் போன சிறுவன் ஆலன். அவர் எழுத்தில் இக்கருத்து எவ்வாறு இடம்பெற்றது என்பது நம்மை நெடுநாள் உறுத்திய வினா.

ஆலன் தம் தலைப்பை எடுத்த இடமும் நோக்கத்தக்கது. விவிலியத்தின் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தின் முற்பகுதி அது. முழுமையாகப் படித்தால், வாயால் விருந்தோம்பி மனத்தால் கணக்குப் பார்க்கும் கஞ்சனின் உணவை உண்ணாதே என்னும் எச்சரிக்கை அங்கே இருப்பது தெரியும். எண்ணம் வாழ்வை ஆக்கும் என்னும் பேச்சே அங்கில்லை. உலகெங்கும் பரவிய ஒரு நூலின் தலைப்பு, வெட்டப்பட்ட வரியிலிருந்து பிறந்துள்ளது.

'இரகசியம்' சொல்லாமற் சொல்வது

ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' 2006இல் முதலில் படமாகவும் அவ்வாண்டிலேயே நூலாகவும் வெளிவந்தது. 'இரகசியம்' என்னும் தமிழாக்கம் நம் நாட்டுத் தமிழ் நூற்கடைகளிலும் கிடைக்கிறது. கேள், நம்பு, பெறு என்பதே அதன் மூன்று படி. ஆலன் ஒழுக்கத்தை வற்புறுத்தினார். பைர்ன் மகிழுந்தையும் காசோலையையும் வற்புறுத்துகிறார். உணவு உடலைப் பருக்கச் செய்வதில்லை, அவ்வாறு எண்ணுவதே பருக்கச் செய்கிறது என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு. நகைத்து விட்டுவிடத்தக்க பகுதிகள் இவை.

நகைக்க இயலாத பகுதி வேறு. பல்லாயிரவர் ஒருங்கே மாண்ட வரலாற்று நிகழ்வுகள் குறித்து வாசகர்க்கு எழக்கூடிய ஐயத்தை ஆசிரியரே எழுப்பிக்கொண்டு, இறந்தோரின் எண்ண அலைவரிசை அந்நிகழ்வின் அலைவரிசையோடு ஒத்திருக்க வேண்டும் என்று விடை தருகிறார். இதனை மலேசியத் தமிழர் எவ்வாறு படிக்க வேண்டும்? 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர் எத்தனையோ பேர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பாடமாக நடத்திய எவரும், அம்மக்களின் அச்சமே அம்மரணத்தை ஈர்த்தது என்னும் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க இயலாது. எனினும் கோட்பாடு விலக்கு எதையும் அனுமதிப்பதில்லை. நோயுற்ற தாய்க்கும் அதே விதி; அவர் மகளுக்கும் அதே விதி.

இக்கோட்பாட்டின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. விரும்பியது கிட்டினால் விதி மெய்ப்படுகிறது. கிட்டாவிட்டால் நம்பிக்கையில் குறை இருந்தது என்று பொருள். அப்போதும் விதி மெய்ப்படுகிறது. பொய்ப்பதற்கு வழியே இல்லாத கோட்பாட்டில், தவறு எப்போதும் நம்புபவர் மீதே விழும்.

ஆய்வுகள் கூறுவன

இனி, உளவியலார் கண்டவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாத சிலவற்றை மட்டும் குறிப்போம். கேப்ரியேல் எட்டிங்கன், தாமஸ் வாடன் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு எடைக்குறைப்பு முயற்சியில் ஈடுபட்ட பெண்களைப் பற்றியது. வெல்வோம் என்று எதிர்பார்த்தோர் மிகுதியாக எடை குறைந்தனர். வென்றுவிட்டதாகவே இனிய கற்பனையில் ஆழ்ந்தோர் குறைவாகவே எடை குறைந்தனர். எதிர்பார்ப்பும் கற்பனையும் ஒன்றல்ல என்னும் இந்நுண்ணிய வேறுபாட்டை நம் முகாம்கள் அறிவதில்லை. கண்ணை மூடி, தேர்வில் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்று மேடையில் நிற்பதாகக் காணுங்கள் என்பதே அங்குப் பயிற்சி. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்ட பின்னரும் எஸ்.பி.எம். மாணவர்க்கு இது தொடர்கிறது.

ஜோவன் வுட்டும் உடன் ஆய்வாளரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்கள் கட்டாயம் அறியவேண்டியது. தாம் அன்புக்குரியவர் என்னும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, தன்மதிப்பு மிக்கோர் சற்றே நலம் உணர்ந்தனர்; தன்மதிப்புக் குன்றியோர் முன்னினும் தாழ்வாக உணர்ந்தனர். மருந்து எவர்க்குத் தேவையோ அவர்க்கே அது நஞ்சாயிற்று. வகுப்பில் எழுந்து நின்று உறுதிமொழி கூறும் முப்பது மாணவருள் கடைசி வரிசையில் இருப்பவரை நினைத்துப் பார்க்கலாம்.

நம் மாணவியின் நிலைக்கு மிக அணுக்கமானது வேறோர் ஆய்வு. தீயதை எண்ணுவது அது நிகழும் வாய்ப்பை மிகுவிக்கும் என்றும், எண்ணுவதே செய்வதற்கு ஒப்பான குற்றம் என்றும் கருதும் மனப்போக்கை ரோஸ் ஷஃப்ரானும் ஸ்டான்லி ராக்மேனும் உடன் ஆய்வாளரும் 1996இல் அளவிட்டனர். எண்ணத்தையும் செயலையும் ஒன்றாக்கும் இப்போக்கு, விடாப்பிடி எண்ணங்களால் அலைக்கழிக்கப்படும் உளநோயோடு தொடர்புடையது என அவர்கள் கண்டனர். மருத்துவர் நோயின் கூறாகக் காண்பதை நம் நூல்கள் வெற்றியின் இரகசியமாக விற்கின்றன. எண்ணாதே என்று விலக்கிய எண்ணமே மீண்டு வரும் என்பதை டேனியல் வெக்னர் 1987இலேயே வெண்கரடிச் சோதனையால் காட்டிவிட்டார். அஞ்சாதே, அஞ்சினால் நடந்துவிடும் என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவர் எவ்வாறு அஞ்சாமல் இருப்பார்?

அவர் தாயாரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோயுடைய ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து ஜேம்ஸ் கோயினும் உடன் ஆய்வாளரும் 2007இல் வெளியிட்ட முடிவு, நோயாளரின் உளநலம் அவர்தம் ஆயுளை முன்னறிவிக்கவில்லை என்பதே. நோயாளரின் மனநிலையே ஆயுளை நிர்ணயிக்காதபோது மகளின் அச்சம் என்ன செய்யும்? அவரிடம் இதனை நாம் கூறியபோது அவர் அழவில்லை. நெடுநேரம் கழித்து, "அப்படியென்றால் நான் செய்தது ஒன்றுமே இல்லையா, ஐயா?" என்று கேட்டார். அவ்வினாவில் ஆறுதலோடு ஓர் இழப்பும் கலந்திருந்ததை உணர்ந்தோம். குற்றவுணர்வு, தாயோடு அவரைப் பிணைத்த கடைசிக் கயிறாகவும் இருந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தின் உளநல ஆலோசகரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அதற்கு மேல் செய்வது நம் தகுதிக்கு உட்பட்டதன்று.

மாற்றுக் கருத்தையும் மறைக்கலாகாது. எண்ணத்தைத் திருத்தித் துயரைத் தணிக்கும் மருத்துவமுறை உண்டு. ஆரன் பெக் 1960களில் வகுத்தது. எனினும் அம்முறை இருளான எண்ணத்தின் இடத்தில் ஒளியான எண்ணத்தை ஒட்டுவதில்லை. எண்ணத்தை ஆய்ந்து, அதற்குச் சான்று உளதா என்று வினவுகிறது. நம் மாணவிக்குத் தேவைப்பட்டதும் அவ்வினாவே. நேர்மறைச் சிந்தனை அவ்வினாவைத் தடுத்துவிட்டது.

2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியரில் 16 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர். 2019இல் இது 2.3 விழுக்காடு. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 309ஐயும் நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. துன்புற்றவர் மீது பழி சுமத்துவதைச் சட்டமே கைவிட்ட காலத்தில், அப்பழியை வேறு பெயரில் நாம் வகுப்பறைக்குள் கொணர்கிறோம்.

வெட்டப்பட்ட வரிகள்

இப்போது 666ஆம் குறளுக்கு வருவோம். அது 'வினைத்திட்பம்' என்னும் 67ஆம் அதிகாரத்தில் உள்ளது. எண்ணியவற்றை எண்ணியவாறே எய்துவர் என்னும் முற்பகுதியே மேடைகளில் ஒலிக்கிறது. எண்ணியவர் திண்ணியராக இருப்பின் என்னும் நிபந்தனை விரைவாகக் கடக்கப்படுகிறது. பரிமேலழகர் அத்திண்மையை, எண்ணியதை அடைவதற்கு வாயிலாகிய வினையின்கண் திண்மை என்றே விளக்குகிறார். அதிகாரத்தின் முதற்குறள் வினைத்திட்பத்தை மனத்திட்பம் என்று கூறுகிறதே எனச் சிலர் மறுக்கக்கூடும். உண்மை; ஆயின் அங்கும் பேசுபொருள் வினையே. சொல்லுதல் எவர்க்கும் எளிது, சொன்னபடி செய்தலே அரிது என்று 664ஆம் குறள் அடுத்தே எச்சரிக்கிறது. அரசனும் அமைச்சனும் தொழிலில் உறுதி பெறுவதற்காக வகுத்த அதிகாரத்தை நோய், மரணம் ஆகியவற்றின் மீது ஏற்றியது நம் பிழை. முகாமில் நாம் செய்ததும் அதுவே.

'ஊக்கமுடைமை'யில் வரும் 596ஆம் குறளுக்கு நேர்ந்த கதி இன்னும் இரங்கத்தக்கது. உயர்வையே உள்ளுக என்னும் முற்பாதி பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டுள்ளது. பிற்பாதி எங்கும் இல்லை. அவ்வுயர்வு கைகூடாது போயினும் கைகூடியதைப் போன்றதே என்பது அதன் கருத்து. பரிமேலழகர் இதற்குக் காட்டும் காரணம், முயற்சியில் தவறில்லாமையால் நல்லோரால் பழிக்கப்படாமை. எண்ணியது நிறைவேறாமற் போகும் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். அவ்விடத்தில் பழியை நீக்கினார். 'ஆள்வினையுடைமை'யின் 618ஆம் குறளும் நல்லூழ் இன்மை எவர்க்கும் பழியன்று, அறியவேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்று வேறுபடுத்துகிறது. பழிக்கு எல்லை வகுக்கும் இக்குறள்கள் தன்முனைப்பு நூல்களில் அருகியே காணப்படுகின்றன.

புறநானூற்று 192ஆம் பாடலும் அவ்வாறே. நன்மையும் தீமையும் பிறர் தருவதால் வருவன அல்ல என்னும் இரண்டாம் அடியோடு பேச்சாளர் நின்றுவிடுகிறார். பதின்மூன்றடிப் பாடலில் எஞ்சியவற்றுள், மலையிலிருந்து கல்லில் மோதி இறங்கும் பேராற்றில் நீரின் வழியே செல்லும் புணையாக உயிர் காட்டப்படுகிறது. ஆதலின் பெரியோரை வியத்தலும் இல்லை; சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று பாடல் முடிகிறது. வென்றவரை வியந்து தோற்றவரை இகழும் மேடையில் இப்பாடலின் முதலிரண்டு அடிகளைப் பாடுவது, கணியன் பூங்குன்றனாரை அவருக்கெதிராகவே சாட்சி சொல்ல அழைப்பதாகும்.

அவ்வாண்டு முதல் நம் வகுப்பில் 666ஐயும் 596ஐயும் 618ஐயும் ஒரே அமர்வில் படிப்பிக்கிறோம். முகாம் அழைப்புகள் முன்போல் வருவதில்லை. இக்குறள்களைச் சேர்த்துப் பேசினால் மாணவரின் ஊக்கம் குன்றும் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் நயமாகவே கூறினார். வகுப்பிலும் ஆண்டுதோறும் ஒருவரேனும், கைகூடாவிட்டாலும் கைகூடியதைப் போன்றதென்றால் முயன்று என்ன பயன் என்று கேட்கிறார். நாம் விடை கூறுவதில்லை. பரிமேலழகர் உரையைத் திறந்து, பழிக்கப்படாமை என்னும் சொல்லை உரக்கப் படிக்கச் சொல்கிறோம்.